எமோஜியை இடும் முறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

குறி ஒன்றன் வரலாற்றை எழுதப் புகுவோர், அதன் வடிவம் எங்குத் தோன்றியது, அதனை வரைந்தார் யாவர், அதன் பொருள் எவ்வாறு திரிந்தது என்பனவற்றையே பெரிதும் ஆராய்வர். அக்குறி எழுதுவோன் கைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்னும் வினாவை எழுப்புவார் அரியர். எழுத்தாணி பிடித்தோனுக்கு இவ்வினா வேண்டுவதில்லை. கண் அறிந்த வடிவத்தைக் கை வரைந்துவிடும். விசைப்பலகையின்முன் அமர்ந்தோன் நிலைமை வேறு. அவன் முன்னுள்ள விசைகள் ஏறத்தாழ நூறு. எமோஜிகளோ, 2024 செப்டம்பரில் வெளிவந்த ஒருங்குறி 16-ஆம் பதிப்பின்படி, 3,790. சிலவற்றைக் கொண்டு பலவற்றை எய்துவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

யாம் கண்ட முடிபை முதற்கண்ணே கூறிவிடுதல் நன்று. எமோஜியை எளிதில் இடுதற்கு மக்கள் கண்ட வழிகள் பல. அவற்றுள் எண்ணைத் தட்டும் வழி பரவாது நின்றது. படங்களை வரிசையாகப் பரப்பிக் கண்ணால் தேடும் வழி சில காலம் ஓங்கிப் பின் தளர்ந்தது. சொல்லைத் தட்டிப் படத்தைப் பெறும் வழியே வலுப்பெற்று வருகிறது. நிகண்டு அகராதியாக மாறிய வரலாற்றை அறிந்த தமிழ் மாணவர்க்கு இம்மாற்றம் பழகிய ஒன்றாகவே தோன்றும். அவ்வொப்புமையைப் பின்னர் விரித்துரைப்போம்.

பெயரைப்பற்றி ஒரு சொல். 'எ' என்பது ஜப்பானிய மொழியிற் படம். 'மொஜி' என்பது எழுத்து. ஆகவே எமோஜி என்பதற்குப் படவெழுத்து என்பதே நேர்பொருள். உணர்ச்சியைக் குறிக்கும் 'எமோஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு அஃது ஒலியால் ஒத்திருப்பது தற்செயல். இதனை உணராது 'உணர்ச்சிக்குறி' என்று தமிழாக்கியோர் உளர். குடையும் புகைவண்டியும் சோற்றுருண்டையும் இத்தொகுதியுள் அடங்கியிருத்தலை நோக்கின் அம்மொழிபெயர்ப்புப் பொருந்தாமை விளங்கும். வழக்கில் நிலைத்துவிட்ட எமோஜி என்னும் சொல்லையே யாம் ஆள்கின்றோம்.

இனி, எண் வழி. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் எழுத்துத் தொகுதியில் சிரித்த முகம் ஒன்று முதலாம் எண்ணிலேயே அமைந்திருந்தது. இரண்டாம் எண்ணில் நிறம் நிரப்பிய முகம். மூன்றாம் எண்ணில் நெஞ்சுரு. 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு எண்விசைப் பகுதியில் 1 எனத் தட்டின் முகம் தோன்றும்; 3 எனத் தட்டின் நெஞ்சுரு தோன்றும். விண்டோஸ் கணினிகளில் இவ்வழி இன்றும் பல இடங்களிற் செல்லும். லினக்ஸ் கணினிகள் பலவற்றிலோ 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்' ஆகிய இரண்டனோடு 'யூ' என்னும் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, 2764 எனத் தட்டின் நெஞ்சுரு வரும். வழி இருந்தது; குறியும் இருந்தது. எனினும் மடல் எழுதுவோரிடையே அவை பரவவில்லை. பிற கணினிகளில் அக்குறிகள் இல்லாமை ஒரு காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு: 2764 என்னும் எண்ணுக்கும் நெஞ்சுருவுக்கும் பொருளியைபு யாதும் இல்லை. இயைபில்லாதவற்றை மனனம் செய்தல் தொழில்முறைத் தட்டச்சர்க்கு ஒல்லும்; ஏனையோர்க்கு ஒல்லாது.

அடுத்த ஆண்டே இதற்கு மறுதலையான வழி பிறந்தது. 1982 செப்டம்பர் 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினியியலார் ஸ்காட் பால்மன், வேடிக்கையாகச் சொல்லியவற்றைப் பிரித்துக் காட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, வல அடைப்பு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இடலாம் என்று பல்கலைக்கழகக் கணினி அறிவிப்புப் பலகையில் எழுதினார். தலையைச் சாய்த்துப் பார்க்குமாறும் உடன் குறித்திருந்தார். அம்மடல் பழைய காப்புநாடாக்களிலிருந்து 2002-இல் மீட்கப்பட்டமையால் நாளும் சொல்லும் ஐயமற வாய்த்துள்ளன. குறிகளின் வரலாற்றில் இத்தகைய சான்று கிட்டுவது அருமை. பால்மன் புதிய குறி எதனையும் படைத்தாரல்லர். எல்லார் விரலுக்கும் எட்டிய மூன்று பழங்குறிகளைக் கூட்டினார். அதுவே அதன் வெற்றிக்கு ஏது. எண் வழியில் முகம் ஓராண்டு முன்னரே கணினியுள் இருந்தும் உறங்கியது. கூட்டுவழியில் பிறந்த முகமோ வல்லினமும் மெல்லினமும் தெரியாத கணினிகளிலெல்லாம் சென்று உலவியது.

இக்கூட்டுக் குறியைத் தானே படமாக மாற்றித் தரும் ஏற்பாடு பின்னர் எழுந்தது. அதனால் விளைந்த ஒரு விந்தை ஈண்டுக் குறிக்கத்தக்கது. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் வேர்டு எழுதி, மேற்கூறிய மூன்று குறிகளையும் கண்டவுடன் அவற்றை விங்டிங்ஸ் என்னும் எழுத்துருவிலுள்ள சிரித்த முகமாக மாற்றியது. அவ்வெழுத்துருவில் சிரித்த முகம் 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தின் இடத்தில் அமைந்திருந்தது. எழுத்துருவை அறியாத கணினியில் மடலைத் திறந்தோர் கண்டது தொடரின் இறுதியில் தனித்து நின்ற ஒரு 'ஜே'. அஃது எதன் சுருக்கமோ என்று மயங்கியோர் பலர். இந்நோய் நமக்குப் புதிதன்று. ஒருங்குறி பரவுதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில், ஒன்றுக்கொன்று ஒவ்வாத வரிசையில், தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. எம் முனைவர்பட்ட ஆய்வேடும் அத்தகைய எழுத்துரு ஒன்றில் தட்டப்பெற்றதே. இன்று அக்கோப்பைத் திறப்பின் சங்கப் பாடல்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாய்க் கிடக்கின்றன. குறியின் தோற்றத்தை மட்டும் மாற்றி அடையாளத்தை மாற்றாது விடுவதன் தீங்கு இது.

மேனாட்டினர் இங்ஙனம் இடர்ப்பட்டுக் கொண்டிருக்க, ஜப்பானியர்க்கோ சில விசைகளால் பல எழுத்துகளை எய்தும் சிக்கல் முன்னரே பழகியிருந்தது. அவர்தம் எழுத்துமுறையில் கானா என்னும் ஒலியெழுத்துகளோடு, சீனத்திலிருந்து வந்த கான்ஜி என்னும் சொல்லெழுத்துகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1915-இல் சுகிமோட்டோ கியோட்டா அமைத்த ஜப்பானியத் தட்டச்சுப்பொறியில் ஏறத்தாழ 2,400 அச்செழுத்துகள் தட்டொன்றில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. தட்டச்சர் வேண்டும் எழுத்தைக் கண்ணால் தேடி, கைப்பிடியை அதன்மேல் நகர்த்தி, ஒவ்வொன்றாக எடுத்துப் பதிப்பர். பயிற்சி பெற்றோர்க்கே கைவந்த தொழில் அது. இப்பொறியை நாம் மறவாதிருத்தல் வேண்டும். ஏறத்தாழ நூறாண்டு கழித்து இதே தட்டு வேறு வடிவில் மீண்டு வருவதைக் காண்போம்.

தட்டிலிருந்து விடுதலை தந்தது 1978-இல் தோஷிபா நிறுவனம் அறிவித்த ஜே.டபிள்யூ.-10 என்னும் சொற்செயலி. மோரி கெனிச்சி தலைமையிற் செய்யப்பட்ட அப்பொறியின் விலை 63 இலட்சம் யென். மேசையளவு பருத்த அப்பொறியை விலை கொடுத்து வாங்கியவர் சிலரே. எனினும் அதனுள் அமைந்த கொள்கை இன்று கோடிக்கணக்கானோர் கையில் உள்ளது. சொல்லை அதன் ஒலிப்பால் தட்டினால், பொறி தன்னகத்துள்ள அகராதியைப் புரட்டி உரிய எழுத்தைத் தரும். ஓர் ஒலிப்புக்குப் பல எழுத்துகள் இருப்பின் அவற்றை முன்வைக்கும். எழுதுவோன் ஒன்றைத் தெரிந்தெடுப்பான். 'ஹஷி' எனத் தட்டின் பாலமும் வரும், உண்ணும் குச்சியும் வரும், விளிம்பும் வரும். பல்பொருள் ஒருசொல்லின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் பொறி பிறிதில்லை.

இம்முறையைக் குறிகளுக்கும் நீட்டுவது எளிதாயிற்று. ஜப்பானியக் கணினியில் 'ஹொஷி', அஃதாவது விண்மீன், என்னும் சொல்லைத் தட்டி மாற்றினால் விண்மீன் குறி தோன்றும். 'யாஜிருஷி', அஃதாவது அம்புக்குறி, என்பதைத் தட்டினால் அம்புகள் அணிவகுக்கும். 1980-களில் அந்நாட்டில் கிளைத்த முகக்குறிகள் தலை சாயாமல் நேரே பார்க்கத்தக்கவை. ஆயின் விசைகள் மிகுதியாய் வேண்டுபவை. அவற்றை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிராமல், 'காவோ', அஃதாவது முகம், என்னும் சொல்லின்கீழ் அகராதியிற் பதிந்து வைத்தனர். முகம் என்று தட்டினால் முகங்கள் வரும். எமோஜி பரவுதற்கு முன்னரே எமோஜியை இடும் முறை இங்ஙனம் பக்குவப்பட்டிருந்தது என்பதே எம் கருத்து.

இவ்விடத்துப் பேஜர் என்னும் சிறு கருவியையும் கருதவேண்டும். ஜப்பானில் 1996-ஆம் ஆண்டளவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பேஜர்கள் வழங்கின. இறுதிச் சேவை 2019 செப்டம்பரில் முடிந்தது. முதலில் எண்களை மட்டுமே காட்டிய அக்கருவியில் இளைஞர் எண்களின் ஒலிப்பைக் கொண்டு சொற்களை எழுதினர்: 0840 என்பது 'ஒஹயோ', காலை வணக்கம், 4649 என்பது 'யொரொஷிகு', அன்போடு வேண்டுதல். பின்னர் எழுத்துகளைக் காட்டும் பேஜர் வந்தபோது, ஐம்பதொலி அட்டவணையின் வரிசையும் இடமும் இரண்டு எண்களாகத் தட்டப்பட்டன. 11 எனின் அகரம், 21 எனின் ககரம். அக்குறிகளோடு நெஞ்சுரு ஒன்றும் இருந்தது. பின்னாளில் தொழில்துறையினரை நோக்கி வந்த பேஜரில் நெஞ்சுரு நீக்கப்பட்டதும் இளைஞர் அதனைக் கைவிட்டனர் என்றும், ஒரு குறியின் ஆற்றலைத் தாம் உணர்ந்தது அப்பொழுதே என்றும் குரிடா ஷிகேடகா கூறியுள்ளார். என்.டி.டி. டொகொமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் தொடங்கிய ஐ-மோடு என்னும் கைப்பேசிச் சேவைக்காக 176 படங்களை அமைத்த குழுவினர் அவர். ஒவ்வொரு படமும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகளாலானது. நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 2016-இல் அவற்றைத் தன் தொகுப்பிற் சேர்த்துக்கொண்டது. இவற்றையே முதல் எமோஜிகள் என்பர் பலர், அது பிழை. ஜே-போன் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட கைப்பேசி ஒன்றில் 90 படங்கள் இருந்தன.

நிறுவனம்தோறும் படங்களின் குறியெண் வேறுபட்டது. ஒருவர் அனுப்பிய படம் பிற நிறுவனத்துக் கைப்பேசியில் 'கெத்தா' என்னும் குறியாக விழுவதுண்டு. கெத்தா என்பது ஜப்பானியர் அணியும் மரச் செருப்பு. அதன் அடிக்கட்டைகள் இரண்டும் மண்ணிற் பதித்த தடம்போல் இரு தடித்த கோடுகளாயிருக்கும் அக்குறியை, அச்சுக்கோப்போர் எழுத்துக் கிடைக்காத இடத்தை நிரப்பப் பயன்படுத்தி வந்தனர். அன்பு மடலில் நெஞ்சுரு இருக்கவேண்டிய இடத்தில் செருப்புத் தடம்! இவ்வவலத்தைத் தீர்த்தது 2010 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறி 6-ஆம் பதிப்பு. ஜப்பானிய நிறுவனங்களின் படங்களுக்கு அது பொதுக் குறியெண் வழங்கியது.

அடையாளச் சிக்கல் தீர்ந்தது. இடுதற் சிக்கல் உலகளாவியதாயிற்று. ஐபோனில் எமோஜி விசைப்பலகை 2008 நவம்பரில் ஜப்பானியர்க்கென வந்து, 2011 அக்டோபரில் ஐ.ஓ.எஸ். 5-ஆம் பதிப்போடு ஏனையோர்க்கும் திறக்கப்பட்டது. அதனை ஒரு மொழியின் பலகைபோலவே அமைப்புப் பகுதியிற் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்ஙனம் சேர்த்தபின் காண்பது யாது? பக்கம் பக்கமாகப் பரப்பிய படங்கள்; விரலால் தள்ளித் தள்ளிக் கண்ணால் தேடல். சுகிமோட்டோவின் அச்சுத்தட்டே மீண்டு வந்ததெனலாம்.

இத்தட்டின் பாகுபாடு தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்கும். ஆப்பிள் நிறுவனத்தார் முகமும் மக்களும், விலங்கும் இயற்கையும், உணவும் பருகுவனவும், செயல், செலவும் இடமும், பொருள், குறி, கொடி எனப் பகுத்தனர். திவாகர நிகண்டின் பன்னிரு தொகுதிகளை நினைவுகூர்க: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர், பண்பு, செயல், ஒலி என்று பத்தும் பொருள் நோக்கிய தொகுதிகள். உலகப் பொருள்களைத் தொகுக்கப் புகுந்த மனம் எக்காலத்தும் எந்நாட்டும் ஏறத்தாழ ஒரே தடத்திற் செல்கிறது போலும். ஆனால் நிகண்டு மனனம் செய்வார்க்காக எழுந்தது. நூற்பா நெஞ்சில் நின்றால் தொகுதி தானே நினைவில் எழும். கைப்பேசியின் தட்டை மனனம் செய்வார் எவர்? தீப்பெட்டி எத்தொகுதி, மணி எத்தொகுதி என்று தெரியாதோன் எட்டையும் புரட்டல் வேண்டும். மனனக் கல்வி தளர்ந்த காலத்தில் நிகண்டுக்கு நேர்ந்த இடர் இதுவே. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியில் நிகண்டுச் செல்வத்தை அகரவரிசையிற் பெய்து வைத்ததன் பயன், தொகுதி அறியாதோனும் சொல்லறிந்தால் பொருளை அடையலாம் என்பதாகும்.

எமோஜிக்கும் அத்தகைய அகரவரிசை வாயில் வேண்டியிருந்தது. அதன் முதல் தடங்கள் படத்தட்டுக்கு வெளியே காணப்படுகின்றன. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பயின்ற பிஎச்பிபிபி என்னும் உரையாடல் மென்பொருளில், இரு முக்காற்புள்ளிகளுக்கிடையே சிரிப்பைக் குறிக்கும் சொல்லை இட்டால் அது படமாக மாறியது. இவ்வழக்கம் பின்னர் கிட்ஹப், ஸ்லாக் முதலிய பணிக்களங்களில் முழு உருப் பெற்றது. முக்காற்புள்ளியைத் தட்டியதும் பட்டியல் விரியும். சொல்லின் முதலிரண்டு எழுத்துகளுக்குள்ளேயே வேண்டிய படம் முன்நிற்கும். கை விசைப்பலகையை விட்டு நீங்காது. வாக்கியத்திற் சொல்லை அடுத்து இயல்பாக வாராத இடத்தில் முக்காற்புள்ளியை வைத்து அதனையே வாயிற்கதவாக்கிய நுட்பம் பாராட்டற்குரியது. எமக்கு இன்றளவும் உவப்பான வழி இதுவே.

கைப்பேசித் தட்டுகள் இதனைக் கற்றுக்கொள்ளக் காலம் கொண்டன. கூகிள் நிறுவனத்தின் ஜிபோர்டு 2016-இலேயே சொல்லால் தேடும் பெட்டியோடு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 10-ஆம் பதிப்பு, எழுதி முடித்த தொடரில் படமாகத்தக்க சொற்களை நிறமேற்றிக் காட்டித் தொட்டவுடன் மாற்றித் தந்தது. ஆயினும் எமோஜிப் பலகையிலேயே தேடற்பெட்டி அமைந்தது 2020-இல் வந்த 14-ஆம் பதிப்பிற்றான். நிகண்டுக் காலம் ஐபோனில் ஒன்பதாண்டு நீடித்ததென்க. கணினிகளில், 2017 அக்டோபர் முதல் விண்டோஸ் 10-இல் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தின் பட்டியல் திறக்கும். ஆப்பிள் கணினியில் 'கண்ட்ரோல்', 'கமாண்ட்' ஆகிய இரண்டனோடு இடைவெளி விசை. திறந்தபின் படத்தைத் தேடி அலையாது சொல்லைத் தட்டத் தொடங்குவதே விரைவான வழி என்பதைப் பலர் இன்னும் அறியார்.

சொல்லே வாயில் என்று கண்டபின், எம்மொழிச் சொல் என்னும் வினா எழும். ஒருங்குறிக் கூட்டமைப்பு, நாட்பெயர், திங்கட்பெயர், நாணயப்பெயர் முதலியவற்றை மொழிதோறும் தொகுத்து வைக்கும் சி.எல்.டி.ஆர். என்னும் தொகுப்பைப் பேணி வருகிறது. ஒவ்வோர் எமோஜிக்கும் ஒரு பெயரும் சில தேடுசொற்களும் அதில் உண்டு, தமிழுக்கும் உண்டு. மென்பொருள் நிறுவனத்தாரும் தன்னார்வலரும் பரிந்துரைத்து வாக்களிப்பதால் அது வளர்கிறது. இத்தொகுப்பை ஒரு புதுவகை நிகண்டென்றே கொள்ளல் தகும். ஒருபொருட் பலசொல்லும் ஒருசொற் பல்பொருளும் அதன் இரு கண்கள். ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்து அமைத்த சொல்லொன்றே அங்கு இருப்பின், தமிழன் வாயில் இயல்பாக எழும் சொல் படத்தைச் சென்று தொடாது. அவன் ஆங்கிலத்திலேயே தேடப் பழகிவிடுவான். பலர் பழகியும் விட்டனர்.

குறியெண் பெற்றும் கைக்கு எட்டாத குறிகள் நம்மிடமே உள. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகிய எட்டுத் தமிழ்க் குறிகளும் 2003-இல் ஒருங்குறி 4-ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டன. சில விசைப்பலகை அமைப்புகளில் அவை 'ஷிப்ட்' விசையோடு வைக்கப்பட்டுள்ளன. அவ்விடங்களை மனனம் செய்தோர்க்கே உதவும். ஓலை ஆவணங்களைப் பெயர்த்தெழுதும்போது யாமும் மேற்படிக் குறியை வேறோர் பக்கத்திலிருந்து படியெடுத்தே ஒட்டி வந்துள்ளோம். மேற்படி என்று தட்டினால் அக்குறி முன்நிற்கும்படி செய்தல், ஹொஷி என்று தட்டினால் விண்மீன் வருவதைக் காட்டிலும் அரிய செயலன்று.

எமோஜிகளுள் தமிழர் மிகுதியாக இடுவனவற்றுள் ஒன்று குவித்த இரு கை. ஜப்பானில் அது வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் உரியது, மேனாட்டார் வழிபாடென்பர், இருவர் கையறைந்து மகிழ்வதாகக் கொள்வோரும் உளர். அதனைப் பெற எச்சொல்லைத் தட்டுவீர் என்று எம் முதுகலை வகுப்பில் வினவினோம். வணக்கம் என்றார் ஒருவர்; கும்பிடு என்றார் மற்றொருவர். ஒரு மாணவி, தம் பாட்டியார் தொலைபேசியில் ஒவ்வொரு பேச்சையும் 'தெண்டன்' என்றே தொடங்குவார் என்றார். கரும்பலகையில் அன்று எழுதி நிறுத்தியவை: வணக்கம், கும்பிடு, கைகூப்பு, நன்றி, மன்னிப்பு, தெண்டன்.